அன்வரின் தோலில் பார்த்த சிவப்பு

அன்வரின் உடம்பில் புண் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனிடம் "ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். ஒரு முறை வாய் தவறிச் சொன்னதல்ல. ஒரு வாரத்துக்கு மேல், ஒவ்வொரு மாலையும் சொன்னேன். அந்தப் புண்ணால் அவன் பந்தயத்தை இழந்தான். பிறகு நிமிர்ந்து உட்காருவதையே பெரும்பாலும் இழந்தான். அதற்கு அப்புறமும் பல வருடங்கள், அது அவனுடைய கவனக்குறைவு என்று ஊர் நம்பும்படி விட்டேன்.

நான் ஒரத்தநாடு பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். சக்கர நாற்காலிப் பந்தயத்துக்குப் பயிற்சி கொடுக்க இப்போது இளைஞர்கள் பலர் முன்வருகிறார்கள். வண்டியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் சொல்லித்தர அவர்களுக்கு ஆள் உண்டு. நான் செய்ததைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

பாலத்து ஏற்றம்

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் அது பாலம்தான். மற்றதெல்லாம் வயலும் வயலை ஒட்டிய தார்ச்சாலையும். இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். அதன் பாலம் ஒன்றில், ஒரு மாலை, ஆஸ்பத்திரி நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு ஓர் இளைஞன் தனியாக ஏறிக்கொண்டிருந்தான். தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம்.

நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிப்போய் பின்னாலிருந்து தள்ளினேன்.

"கைய எடுங்க சார்" என்றான், திரும்பாமலே.

"மேடா இருக்கேப்பா."

"அதுக்குத்தான வந்தேன். நீங்க தள்ளிட்டா நான் ஏறுனதா ஆவாதுல்ல?"

கையை எடுத்தேன். அவன் உச்சிவரை ஏறி, மூச்சு வாங்க நின்று, பிரேக் இல்லாத அந்த நாற்காலியை உள்ளங்கைகளால் பிடித்துப் பிடித்து இறங்கினான். தோளைப் பார்த்தேன். விளையாட்டு ஆசிரியனுக்கு முதலில் கண் போகிற இடம் அதுதான்.

அப்படித்தான் அன்வர் அறிமுகமானான். அவனுடைய அத்தா கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அண்ணன் ரபீக் சிங்கப்பூரில். அன்வரும் பத்தொன்பது வயதில் கட்டட வேலைக்கு வளைகுடா போயிருக்கிறான். ஒரு வருடம் முடியும் முன்பே சாரம் சரிந்து விழுந்து, முதுகெலும்பு நொறுங்கித் திரும்பி வந்தான். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் இருந்து நாற்காலியில் வாழக் கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

"ரேஸ் ஓட்டுறியா?" என்று கேட்டேன். கேபிள் டிவியில் அந்தப் பந்தயத்தை ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எதுல சார், இதுலயா? இதத் தூக்கிப் போட்டுட்டு தவழ்ந்து போனா இன்னும் வேகமாப் போவலாம்."

உளுந்து வண்டி

பட்டுக்கோட்டையில் தேங்காய் உரிக்கும் கருவி செய்துகொண்டிருந்த தாஸ் என்பவரிடம் படம் வரைந்து காட்டினேன். முன்னால் ஒரு சின்னச் சக்கரம், நீண்ட கழுத்து, பின்னால் சாய்வாக இரண்டு பெரிய சக்கரங்கள்.

"மாஸ்டர், சக்கரத்தச் சாச்சு வச்சா கவுந்துராதா?"

"சாய்க்காட்டித்தான் கவுறும்."

"படிச்சவங்க சொன்னா சரி. கவுந்தா பழி என் பட்டறைக்கு வரக் கூடாது."

சைக்கிள் பைப்பை வளைத்து அவர் செய்த வண்டி கனமாக இருந்தாலும் நேராக ஓடியது. சக்கரத்தின் பக்கவாட்டில் கைவளையம் இருக்கும். அதைப் பிடித்துத் தள்ளக் கூடாது. தடித்த தோல் கையுறை போட்ட கையால் அடித்து, கீழே வரை உருட்டிவிட்டு எடுக்க வேண்டும். கொத்து வேலை செய்த கை அவனுடையது. ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டான்.

தார்ச்சாலைதான் எங்கள் மைதானம். சம்பா அறுவடை முடிந்து உளுந்து பிடுங்கும் நாட்களில் அந்தச் சாலையில் பாதி களமாகிவிடும். உளுந்துச் செடியைத் தாரில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணி உதிரும். அன்வர் அதை ஒதுக்கி ஓரமாகப் போவான். ஒரு அம்மாள் மறித்துக்கொண்டார்.

"ஏ தம்பி, ஏன் ஓரமாப் போற? மேலயே ஏத்து. பஸ்ஸக் காணும் இன்னும்."

"கூலி என்னக்கா தருவ?"

"வடை சுட்டுத் தரேன், ஓட்டுடா!"

நாலைந்து முறை போய்த் திரும்பினான். அச்சில் செடி சுற்றிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. நான் பிளேடு வைத்து நார் நாராக அறுத்து எடுக்கும்வரை அந்த அம்மாள் பக்கத்தில் நின்று, "பாத்து அறுங்க சார், மணியெல்லாம் கீழ கொட்டுது" என்று என்னைத்தான் அதட்டினார். அன்வர் சிரித்துச் சிரித்து வண்டியிலிருந்து சரிந்தான். எங்களுக்கு நல்ல நாட்கள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

மாவட்டத்தில் அவனோடு ஓட்ட ஆளே இல்லை. மாநில அளவில் முதல் வருடம் மூன்றாவது, அடுத்த வருடம் முதலாவது. அவனுடைய அத்தா கடையில் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடம் மெடலைக் காட்டத் தொடங்கினார். மகன் விழுந்து வந்த நாளிலிருந்து யாரிடமும் அதிகம் பேசாமல் இருந்தவர் அவர்.

மாலை வேலை

இந்த விளையாட்டில் கடிகாரத்தைவிட முக்கியமான ஒரு வேலை உண்டு. தோலைப் பார்ப்பது.

நாம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் வலிக்கும், தெரியாமலே அசைந்துகொள்வோம். உணர்ச்சி இல்லாத உடம்புக்கு அந்த வலி வராது. உட்காரும் எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்தம் ஓடாமல், செத்துப்போகும். அதனால் அடிக்கடி கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்க வேண்டும். தினமும் ஒருமுறை தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி நிறம் வர வேண்டும். வெளுக்காமல் நின்றால் அன்றைக்கே வண்டியை விட்டு இறங்கி, அது ஆறும்வரை அந்தப் பக்கம் பாரம் வைக்கக் கூடாது. நம்முடைய தோலில் அது சிவப்பாகக்கூடத் தெரியாது. பாக்குக் கறை மாதிரி கருஞ்சிவப்பாக இருக்கும். தேடுகிற கண்ணுக்குத்தான் தெரியும்.

வேலூரில் ஒரு நர்ஸ் அவனுக்கு நீண்ட கைப்பிடி வைத்த கண்ணாடி கொடுத்து அனுப்பியிருந்தார். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவனே பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் அவன் அம்மாவும் பார்ப்பார். வளர்ந்த பிள்ளை, அவனுக்கு அது கூச்சம்.

"அம்மா பாக்குறது என்னமோ மாதிரி இருக்கு சார். கண்ணாடில பாத்தா பாதிதான் தெரியிது" என்று ஒரு நாள் சொன்னான்.

"நான் இருக்கப்ப கண்ணாடி எதுக்கு? பயிற்சி முடிஞ்சதும் நானே பாத்துடுறேன்" என்றேன்.

அவன் அம்மா அன்றைக்கு வாசல்வரை வந்தார். "சாரு, இனிமே நீங்கதான் அவனுக்குக் கண்ணு. எனக்கும் பார்வை முன்ன மாதிரி இல்ல. அல்லா உங்களுக்கு நல்ல ஆயுசக் குடுப்பான்" என்றார்.

அன்றிலிருந்து பள்ளி உபகரண அறையில் ஒரு பெஞ்சைப் போட்டு, தினமும் நான் பார்த்தேன். ஒன்றரை வருடம் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு முறை கறை தெரிந்து, அவனைப் படுக்கவைத்து, ஆறிய பிறகே வண்டி ஏற்றினேன். அதாவது, எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

பாஸ்போர்ட்

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் ஓர் ஆண்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "எந்த நாட்ல இருக்காரு?" என்பதுதான். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் துபாய் போகிறவராகவோ குவைத்திலிருந்து வந்தவராகவோ இருப்பார். என் மனைவியின் அண்ணன்மார் இரண்டு பேரும் வெளிநாட்டில். அவர்கள் விடுமுறைக்கு வந்தால் வீடு முழுக்க சென்ட் வாசனை. அரசாங்கச் சம்பளம் வாங்கும் எம்.பி.எட். படித்த மாப்பிள்ளை நான், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு காதுகுத்து விருந்தில் மூத்த மைத்துனர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஏன் மாப்ள, ஊருக்கே ஓடச் சொல்லிக் குடுக்குறீங்க. நீங்க ஒரு தடவகூட ஏரோப்ளேன் வரைக்கும் ஓடலயே!"

பந்தியே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுவாரம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். எங்கே போகப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த வருடம் அதற்கு வழி வந்தது. பெங்களூரில் ஒரு தேர்வுப் போட்டி. எண்ணூறு மீட்டரில் முதல் இரண்டு பேர் மலேசியாவில் நடக்கும் பந்தயத்துக்குப் போகலாம். முதலில் வருகிறவனின் பயிற்சியாளர், குழுவோடு உதவிக்குப் போவார். நான் அன்வரிடம் சொல்லும் முன்பே மைத்துனர்களிடம் சொல்லிவிட்டேன்.

அதே சமயம் ரபீக் சிங்கப்பூரிலிருந்து நிஜமான பந்தய வண்டி ஒன்றை, யாரோ ஓட்டிப் பழசானதை வாங்கி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்பினான். அலுமினியம். ஒரு கையால் தூக்கலாம். இருக்கை மட்டும் ஒடுக்கமாக இருந்தது. அன்வரை அதில் அழுத்தித்தான் இறக்க வேண்டியிருந்தது.

தாஸ் சுற்றிவந்து பார்த்தார். "மாஸ்டர், இது ஒருத்தன் அளவுக்குத் தைச்ச சட்டை மாதிரி. நம்ம தம்பிக்குச் சேராது. அறுத்து அகலமாக்கித் தரேன். ரெண்டு வாரம் குடுங்க."

"ரெண்டு வாரம் இல்ல தாஸு. போட்டி முடியட்டும்" என்றேன்.

"ஒண்ணும் இல்ல"

புது வண்டியில் ஏறிய சில நாட்களிலேயே கறை தெரிந்தது. இடது பக்கம், உட்காரும் எலும்பின் மேல். அழுத்தினேன். வெளுக்கவில்லை.

பெஞ்சில் குப்புறப் படுத்திருந்த அன்வர் கேட்டான். "எப்புடி சார் இருக்கு?"

இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

அவன் உடனே கையை ஊன்றிப் புரண்டு, பேன்ட்டை ஏற்றிக்கொண்டான். என்னை நம்புவதற்கு அவனுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

ஒரு வாரம் படுக்கவைத்தால் பெங்களூர் போய்விடும். நான் எனக்குள் சொல்லிக்கொண்டது இது: வலி இல்லை, போட்டி முடிந்ததும் படுக்கவைத்துச் சரிசெய்துவிடலாம். மறுநாள் கறை பெரிதாக இருந்தது. அதற்கடுத்து தோல் உரியத் தொடங்கியது. நான் பவுடர் போட்டேன்.

"என்ன சார் தடவுறீங்க?"

"வேர்வைக்குப் பவுடர்."

"போடுங்க போடுங்க. மூஞ்சிதான் கருத்துப்போச்சு, பின்னாடியாவது மாப்பிள்ளை மாதிரி இருக்கட்டும்."

நான் சிரித்தேன். இதை எழுதுவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருக்கிறது.

கிளம்பும் நாளன்று அவன் அம்மா கேட்டார். "சாரு, புள்ளைக்கு உடம்பு லேசா சுடுது. எல்லாம் பாத்தீங்கள்ல?"

"பாத்தேம்மா. வெயில்ல ஓட்டுனது, வேற ஒண்ணுமில்ல."

பெங்களூரில் அவன் முதலாவதாக வந்தான். கடைசி வளைவில் மூன்றாவதாக இருந்தான். நேர்ப்பாதைக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு அடித்தான் பாருங்கள், எனக்குக் கையுறைச் சத்தம் தனியாகக் கேட்டது. கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் தூக்கியபடி என்னைத் தேடினான். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவன் உடம்பு அனலாகக் கொதித்தது.

திரும்பும்போது ரயிலில் படுக்கை கிடைக்கவில்லை. இருக்கையில் என் தோளில் சாய்ந்து இரவு முழுவதும் தூங்கினான். இடையிடையே எழுப்பி இடுப்பைத் தூக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் எழுப்பவில்லை. விழித்துக்கொண்டுதான் இருந்தேன். மலேசியாவிலிருந்து யார் யாருக்கு என்ன வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது பெட்டியில் நாற்றம் அடித்தது. எதிரே இருந்தவர்கள் எழுந்து வேறு இடம் தேடிப் போனார்கள். அவன் பேன்ட் சீழில் நனைந்திருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். புண் எலும்புவரை போயிருந்தது.

"டெய்லி யாரு பாத்தது?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

"கிளம்புறப்ப எப்டி இருந்துச்சு?"

அன்வர் குப்புறப் படுத்தபடி என்னைப் பார்த்தான். அவன் அத்தா கதவருகே நின்றார்.

"ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருந்துச்சு."

டாக்டர் யோசித்தார். "சில சமயம் உள்ளேருந்தே கிளம்பும், வெளில தெரியாது. ராத்திரி பூரா ட்ரெயின்ல உக்காந்தே வந்தீங்களா? தூக்கி எறக்குனீங்களாப்பா?"

"தூங்கிட்டேன் டாக்டர்" என்றான் அன்வர்.

அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்பது அந்த அறையில் அத்தோடு முடிவாகிவிட்டது. அவன் அத்தா வாயைத் திறந்தார். "ஏன்டா, இடுப்ப ஒரு தடவ தூக்கி வைக்கிறதுக்கு உனக்கு என்னடா கேடு? எழவெடுத்த தூக்கம் அப்புடி என்னடா கேக்குது உனக்கு?" என்று கத்தினார். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவர் தோளைத் தொட்டு, "விடுங்க பாய், சின்னப் புள்ள" என்றேன்.

மலேசியா சார்

அன்வருக்குப் பதில் மூன்றாவதாக வந்தவன் போனான். பயிற்சியாளர் பெயரை யாரும் மாற்றவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை.

"நீங்களாவது போயிட்டு வாங்க சார்" என்று அன்வர் சொன்னான். அப்போது அவனுக்கு முதல் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மார்புக்கடியில் தலையணை வைத்துக் குப்புறக் கிடந்தான்.

போனேன். அங்கே வண்டிகள் நிறுத்தும் அறையில், பந்தயம் முடிந்ததும் வீரர்கள் ஒவ்வொருவரும் பையிலிருந்து கைப்பிடிக் கண்ணாடியை எடுத்து, பாயில் ஒருக்களித்து, தங்கள் தோலைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பல் தேய்ப்பது மாதிரி சாதாரணமாகச் செய்தார்கள். பயிற்சியாளர்கள் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

மைத்துனர்களுக்கு சென்ட் வாங்கினேன். அன்வருக்கு ஒரு ஜோடி நல்ல பந்தயக் கையுறை வாங்கினேன். அவன் குப்புறப் படுத்தவாறே அதை மாட்டி, கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, "நல்ல பிடிப்பு சார்" என்றான். கழற்றித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான்.

அவன் அதற்குப் பிறகு ஓட்டவே இல்லை. எலும்பில் சீழ் வைத்து, வெட்டி எடுத்து, தொடைச் சதையை எடுத்து மூடி, அதுவும் பிரிந்து, மறுபடி மூடி, வருடங்கள் போயின. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாஸ் அவனுக்கு நான்கு சக்கரம் வைத்த ஒரு கட்டில் செய்து கொடுத்தார். அதில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு, கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் நடத்தினான், பிறகு மொபைல் ரீசார்ஜ், இப்போது கணினி வைத்து ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறான். திருமணம் ஆகவில்லை. அவனுடைய அத்தா ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார்.

என்னை ஊரில் "மலேசியா சார்" என்று கூப்பிட்டார்கள். சக்கர நாற்காலிப் பந்தயம் தெரிந்த ஆள் என்று பெயர் வந்தது. சிறந்த பயிற்சியாளர் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். புதுப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுக்க ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். போன இடத்திலெல்லாம் தோலைப் பார்ப்பது பற்றி வகுப்பு எடுத்தேன். அதில் ஒவ்வொரு முறையும் ஓர் உதாரணம் சொல்வேன். "எங்க ஊர்ல ஒரு பையன். தங்கமான கை. ரயில்ல தூங்கிட்டான், இடுப்பத் தூக்கி எறக்கல. ஒரே ராத்திரில எல்லாம் போச்சு." கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு திருச்சியில் ஒரு வகுப்பில் இதைச் சொன்னபோது, பிசியோதெரபி படித்த ஒரு பெண் கையைத் தூக்கினார்.

"ஒரு ராத்திரில எலும்பு வரைக்கும் போகாதே சார். முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அந்தப் பையனுக்கு டெய்லி யாரு பாத்தாங்க?"

"வீட்ல, அவங்க அம்மா பாத்தாங்க" என்றேன்.

அது என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. "பாவம், அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்று சேர்த்தும் சொன்னேன். வகுப்பை முடித்துவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

சொன்ன பிறகு

மறுநாள் காலை அன்வரின் கடைக்குப் போனேன். இரண்டு பேர் விண்ணப்பத்துக்கு நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன்.

"வாங்க சார், டீ சொல்லவா?" என்றான்.

"வேணாம். ஒண்ணு சொல்லணும். பெங்களூர் போறதுக்கு முன்னாடியே உனக்குப் புண்ணு இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

அவன் தட்டச்சு செய்வதை நிறுத்தினான்.

"எத்தன நாளா சார்?"

"ஒரு வாரத்துக்கு மேல."

"அந்தப் பவுடரு..."

"அதுக்குத்தான்."

"டாக்டரு கேட்டப்பயும்?"

"ஆமா."

"எதுக்கு சார்?"

"மலேசியா போகணும்னு."

ஒருவர் மின் கட்டணம் கட்ட உள்ளே வந்தார். "அப்பறம் வாங்கண்ணே" என்றான் அன்வர். அவர் போனதும் கணினியை அணைத்தான். பிறகு சொன்னான்.

"ரயில்ல தூங்குனதாலதான்னு நெனச்சிக்கிட்டிருக்கேன் சார். இன்னிக்கி வரைக்கும் அலாரம் வச்சிக்கிட்டுத்தான் படுக்குறேன். அசந்து தூங்குனா பதறிக்கிட்டு எந்திரிப்பேன். அத்தா மௌத்தாவுறதுக்கு முந்துன நாளுகூட, தூங்கித் தூங்கிக் கெட்டியேடான்னுதான் சொல்லிட்டுப் போனாரு. அவர்ட்ட யாரு சார் போயிச் சொல்லுறது?"

நான் கடைவாசலைப் பார்த்தேன்.

"சொல்லுங்க சார். நீங்க போவீங்களா?"

அவன் அம்மா உயிரோடு இருந்தார். வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். பார்வை சுத்தமாகப் போயிருந்தது. முழுவதும் கேட்டார். திட்டவில்லை. "புள்ளையத் திட்டாதீங்கன்னு அவருகிட்ட நான் எவ்வளவோ சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கேடயத்தைத் திருப்பி அனுப்பினேன். "இப்ப எதுக்கு சார் இதெல்லாம் கெளறிக்கிட்டு?" என்று போனில் கேட்டார்கள். அன்வருக்கு என்னால் முடிந்ததைச் செய்ய வேண்டும் என்று திரும்பவும் கடைக்குப் போனேன். என்ன வேண்டுமானாலும் கேள் என்றேன்.

"என் கதைய வகுப்புல சொல்லுவீங்களாமே. எங்கெங்க சொன்னீங்களோ அங்கெல்லாம் போயித் திருத்திச் சொல்லுங்க. அத்தா பேரச் சொல்ல வேணாம். உங்க பேரச் சொல்லுங்க. அதுக்கப்பறம் இங்க வராதீங்க."

போனேன். சில ஊர்களில் வகுப்பே வைக்க மறுத்தார்கள். அங்கே நிர்வாகியின் முன் நின்று சொல்லிவிட்டு வந்தேன். சில இடங்களில், "இந்த வயசுல இத ஒத்துக்குற மனசு யாருக்கு வரும்" என்று பாராட்டினார்கள். அது மிகவும் கேவலமாக இருந்தது. திருச்சியில் அந்தப் பிசியோதெரபி பெண் மட்டும், "அவங்க அம்மா மேல ஏன் சார் போட்டீங்க?" என்று கேட்டார். இந்தக் குறிப்பும் அந்தத் திருத்தத்தில் சேர்ந்ததுதான்.

ஒரத்தநாட்டில் அப்போது என்னிடம் நாற்காலிப் பந்தயம் பழகிக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரிடமும் சொன்னேன். மறுநாள் யாரும் வரவில்லை. அவர்கள் அன்வரிடம் போயிருந்தார்கள். அவன் முதலில் மாட்டேன் என்றானாம். ஒரு வாரம் தொடர்ந்து கடைவாசலில் போய்க் காத்துக்கிடந்திருக்கிறார்கள். இப்போது மாலையில் கடையைச் சாத்திவிட்டு, சக்கரக் கட்டிலில் குப்புறப் படுத்தபடியே, மைதானத்துக்கு வருகிறான். அவனிடம் ஒரே ஒரு கண்டிப்பு: அவரவர் தோலை அவரவர் கண்ணாடியில் பார்க்க வேண்டும்; யார் சொன்னாலும் நம்பக் கூடாது. தனியாகப் பார்க்க முடியாதவருக்கு இரண்டு பேர், தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் கற்றுக்கொண்டதும் இதுதான். இந்தத் தொழிலில் கண்ணால் கண்டதை அப்படியே சொல்வதுதான் வேலை. வேகம், உத்தி எல்லாம் அதற்குப் பின்னால். எப்படிப்பட்ட நல்ல பயிற்சியாளர் கையிலும் இன்னொருவரின் தோலை முழுசாக ஒப்படைக்காதீர்கள். நானும் ஒன்றரை வருடம் நல்ல பயிற்சியாளனாகத்தான் இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, மைதானத்துக்கு வரலாமா என்று தாஸ் மூலம் கேட்டேன். பதில் வந்தது. "வரட்டும். காத்து அடிக்கிற வேலை இருக்கு. தோலுப் பக்கம் வரக் கூடாது."

போகிறேன். பந்தயச் சக்கரத்துக்குக் காற்று கெட்டியாக நிற்க வேண்டும். கைப்பம்பில் அடிப்பது இந்த வயதில் சுலபமில்லை. முதல் நாள், மூன்று வண்டிக்கும் அடித்து முடித்தேன். பழகுகிற மூன்று பேரில் ஒருத்தி தன் வண்டியில் ஏறப் போனாள். அன்வர் தடுத்தான்.

"காத்த அளந்து பாத்தியா?"

"சார்தாண்ணே அடிச்சாரு. சரியாத்தான் இருக்கும்."

"அளந்து பாத்துட்டு ஏறு."

அவள் காற்றழுத்தமானியை வைத்துப் பார்த்தாள். இடது சக்கரத்தில் குறைவாக இருந்தது. என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு அன்வரைப் பார்த்தாள். நான் பம்பை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தேன்.